தம்பு செட்டித் தெரு சந்து ஹோட்டல்: பலகையில் 1750, உத்திரத்தில் வேறு கணக்கு

கேள்வி: 6 ஜனவரி 2024, மாலை

உயர் நீதிமன்றத்தில் ஒரு வேலை. தம்பு செட்டித் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய மாளிகையை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்கள்; அங்கே இரண்டு நாள் தங்கினேன். வாசலில் ‘1750’ என்று பித்தளைப் பலகை. ஆங்கிலேயர் கட்டிய ஆயுதக் கிடங்கு, கீழே கோட்டை வரைக்கும் சுரங்கம் இருக்கிறது என்று மேனேஜர் சொன்னார். வடசென்னையில் இதைவிடப் பழைய கட்டடத்தில் ஹோட்டல் கிடையாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பதில்: 6 ஜனவரி, இரவு 10.20

மறுக்கிறேன். 1750 இல்லை, ஆயுதக் கிடங்கும் இல்லை.

அந்தக் கட்டடத்தில் என் பெரியப்பா இருபத்தாறு வருஷம் மேனேஜர். அப்போது அது லாட்ஜ். பள்ளிக்கூட லீவில் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்து அவருக்குச் சாப்பாட்டுக் கேரியர் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பின்கட்டு மாடித் தாழ்வாரத்தில் மல்லாந்து படுத்திருப்பேன். மேலே இரும்பு உத்திரம். அதில் ஆங்கில எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும்: டார்மன் லாங், மிடில்ஸ்பரோ. பிற்காலத்தில் சிட்னி துறைமுகப் பாலம் கட்டிய அதே கம்பெனி. அது ஆரம்பித்ததே 1875 வாக்கில். 1750ல் கட்டிய வீட்டுக்குள் அந்த உத்திரம் எப்படி நுழைந்தது? ஆகவே 1880, 1890 என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் முடிந்தது.

7 ஜனவரி, காலை 6.15

முடியவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததில், நேற்று எழுதியது பாதி தப்பு என்று தெரிகிறது.

இரும்பு இருப்பது பின்கட்டில் மட்டும். முன்கட்டுக் கூடத்தில் இரும்பே இல்லை. தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் குறுக்குச் சாய்வாக அடுக்கிய சின்னச் சின்னச் செங்கல். மெட்ராஸ் டெரஸ் என்போமே, அது. அண்ணாந்து பார்த்தால் பாய் முடைந்தாற்போல இருக்கும். இரண்டும் ஒரே காலத்து வேலையாக இருக்க முடியாது. பின்கட்டுக் கூரை எப்போதோ உளுத்து இறங்கி, மாற்றும்போது இரும்பு போட்டிருப்பார்கள். அப்படியானால் உத்திரத்து எழுத்து ரிப்பேரின் வயதைத்தான் சொல்கிறது. தாத்தாவின் பல்செட்டைப் பார்த்து அவர் வயதைச் சொன்ன கதையாகிவிட்டது என் வாதம்.

அதற்காக 1750 சரியாகிவிடாது.

7 ஜனவரி, பகல் 1.40

1750 எங்கிருந்து முளைத்திருக்கும்? ஓர் ஊகம்.

1746ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். 1749ல் திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதுவரை இந்தியர்கள் குடியிருந்த ‘கருப்பர் நகரம்’ கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியே இருந்தது, இப்போது உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில். எதிரி ஒளிந்துகொள்ள வசதி என்று அதை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, இதற்கு இந்தப் பக்கம் எதுவும் கட்டக் கூடாது என்று எல்லைத் தூண்கள் நட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரு தூண் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கிறார்கள்.

இடிபட்ட ஊர் வடக்கே தள்ளி முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் மறுபடி எழுந்தது. 1911ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் வாங்கியதும் அதுதான். ஆக ‘புது ஊர் உண்டான சமயம்’ என்ற பொருளில் யாரோ 1750 என்று சொல்லி, அதை ஒருவர் பலகையில் அடித்துவிட்டார். தெருவின் வயது வீட்டுக்கு ஏறிவிட்டது.

அதிலும் ஒரு இடி இருக்கிறது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை மறுபடி வந்து, இந்தப் புது ஊருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, இரண்டு மாதம் கோட்டையைச் சுட்டது. 1750ல் இங்கே ஒரு ஆங்கிலேய ஆயுதக் கிடங்கு இருந்திருந்தால் லாலி அதற்கு நன்றி சொல்லியிருப்பார்.

9 ஜனவரி, இரவு

சுரங்கத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மதராஸில் பழைய வீடு என்றால் சுரங்கம் இருந்தே ஆக வேண்டும் போலிருக்கிறது. அங்கே கீழே இறங்கும் படி ஒன்று உண்டு, உண்மை. அது கிட்டங்கி. மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த நிலவறை. பெரியப்பா காலத்தில் உடைந்த கட்டில்களும் ஒரு ஓட்டைத் தண்ணீர் டிரம்மும் கிடக்கும். உள்ளே போனால் இன்றைக்கும் தும்மல் வரும்.

அந்தப் பகுதியில் பூமிக்கடியில் போகும் சுரங்கம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். 2019 பிப்ரவரியில் திறந்தார்கள். மண்ணடியில் மெட்ரோ டிக்கெட் வாங்கி ஏறினால் அடுத்த ஸ்டேஷன் உயர் நீதிமன்றம்.

12 ஜனவரி, இரவு 11

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன, விளக்கமாகச் சொல் என்றார் ஒருவர். நான் சிவில் டிப்ளமா, பாதி ஆயுள் சைட்டில் கழிந்தது. இதைக் கேட்டால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போடுவார்கள். அதன் மேல் கைக்கு அடக்கமான மெல்லிய செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் ஒட்ட வைப்பார்கள். நேராக அல்ல, மூலையில் இருந்து மூலைக்குச் சாய்வாக. காரணம் இருக்கிறது. மூலையில் ஆரம்பித்தால் முதல் வரிசை மிகச் சிறியது, சுவரே தாங்கிக்கொள்ளும். அடுத்த வரிசை அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கூரை முழுவதும் போய்விடும். கீழே சாரம் கட்டி, பலகை அடித்துத் தாங்க வேண்டியதில்லை. மரம் மிச்சம், ஆள் மிச்சம்.

செங்கல் காய்ந்ததும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் கொட்டி, மரக்கட்டையால் அடிப்பார்கள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, நாள்கணக்கில். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஒரே தாளத்தில் அடிக்க, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கட்டை எம்பித் திரும்பி வந்தால் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் தட்டோடு பதித்து, தண்ணீர் ஓட வாட்டம் விட்டு முடிப்பார்கள்.

கோடை மத்தியானத்தில் அதன் கீழே படுத்துப் பாருங்கள். மேலே வெயில் காய்வதே தெரியாது. பெரியப்பா மேஜையில் ஃபேன் இல்லாமல்தான் கணக்கு எழுதினார் என்று எழுத வந்தேன். ஃபேன் இருந்தது. ஓடாது.

13 ஜனவரி, காலை

‘முட்டை கலந்த சுண்ணாம்பு’ கட்டுக்கதை என்று மேலே ஒரு பதில். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சைட்டில் கொத்தனார்கள் சொன்னால் சிரிப்பேன். ஆனால் செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர் மதராஸ் காரை செய்யும் முறையை எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டி இதழில் 1732ல் அது அச்சாகியிருக்கிறது. வெல்லம், கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் எல்லாம் அதில் வருகிறது. படித்தபோது கட்டட வேலையா கல்யாணச் சமையலா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் அது மேல்பூச்சுக்கு, பளபளப்புக்கு. சுவர் முழுக்க முட்டை ஊற்றவில்லை.

அந்த முன்கூடத்துத் தூண்களில் ஆள் உயரத்துக்கு அந்தப் பூச்சு இன்னும் இருக்கிறது. பெரியப்பா நாற்காலிக்குப் பின்னால் இருந்த தூணில் மட்டும் எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து ஒரு கறுப்பு வட்டம்.

14 ஜனவரி

‘லாட்ஜுக்கும் ஹோட்டலுக்கும் என்ன வித்தியாசம்’ என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். கேள்வி நல்ல கேள்வி. நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம், படுக்கிற இடம் லாட்ஜ். இரண்டும் சேர்ந்திருந்தால் ‘போர்டிங் அண்டு லாட்ஜிங்’ என்று வாசலில் நீளப் பலகை. அதற்கும் முன்னால் சத்திரம். சென்ட்ரல் எதிரில் சவளை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் நினைவிருக்கலாம். ராயபுரத்தில் ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரி என்கிறோமே, அதுவும் அவர் பெயர்தான். நான் பிறந்தது அங்கே.

பழைய மாளிகை ஹோட்டலாவதும் நேற்று முளைத்த பழக்கம் இல்லை. உடுப்பிப் பக்கத்தில் இருந்து வந்த கே.கிருஷ்ணராவ் முதலில் கடை போட்டது இதே ஜார்ஜ் டவுனில், ஆச்சாரப்பன் தெருவில். பிறகு 1938 வாக்கில் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமாக இருந்த உட்லண்ட்ஸ் என்ற மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் தொடங்கினார். மாளிகையின் பெயரே ஹோட்டலுக்கும் நின்றுவிட்டது. நம் சந்து வீட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு நாலைந்து முறை பெயர் மாறியது, எல்லாமே சாமி பெயர்கள். இப்போதுதான் முதல்முறையாக இங்கிலீஷ் பெயர்.

17 ஜனவரி, காணும் பொங்கல்

வீட்டில் எல்லாரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். கூட்டம் எனக்கு ஆகாது. ஆகவே லாட்ஜ் கதை.

பெரியப்பா மேஜைக்குப் பின்னால் ஒரு பலகை. வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சாவி, சாவியோடு மரக்கட்டை. கட்டை எதற்கு என்றால், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடாமல் இருக்க. பதினான்கு ஆணி. பதின்மூன்றாம் எண் உண்டு, அதில் பெரியப்பாவே படுத்துக்கொள்வார்.

மேஜை மேல் நீளக் கணக்குப் புத்தகம். பெயர், ஊர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரணம். எழுத்துக் கூட்டப் பழகிய வயதில் எனக்குக் கதைப் புத்தகம் அதுதான். ‘காரணம்’ பத்தியில் மூன்று சொற்களே திரும்பத் திரும்ப வரும். ‘லோடு’ என்றால் கொத்தவால் சாவடிக்குக் காய்கறி கொண்டுவந்தவர். ‘கேஸ்’ என்றால் ஹைகோர்ட்டுக்கு வந்தவர். மற்ற எல்லாருக்கும் ‘சொந்த வேலை’. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனில் இருந்து ஒருவர் வந்து புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். கேஸ்காரர்கள்தான் பாவம். ஒருநாள் என்று எழுதி வந்து ஒரு வாரம் கிடப்பார்கள். “வாய்தா வாங்கிட்டாங்க மேனேஜரய்யா” என்று ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்தபடி சொன்னது ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா அவருக்கு அன்றைய வாடகையை எழுதவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “டேய் சின்னவனே, கேரியரைக் கழுவு” என்றார்.

17 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

லாட்ஜ் ஏன் படுத்தது என்பதை எழுத மறந்துவிட்டேன்.

1996ல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. ‘லோடு’ போச்சு. 2002 நவம்பரில் வெளியூர் பஸ்கள் பாரிமுனையில் இருந்து கோயம்பேட்டுக்குப் போயின. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, மூட்டையோடு நடந்தே வருகிற ஆள் போச்சு. மிச்சம் இருந்தது ‘கேஸ்’ மட்டும். அதுவும் மதுரையில் 2004ல் உயர் நீதிமன்றக் கிளை வந்ததும் தென்மாவட்டத்துக்காரர்கள் இந்தப் பக்கம் வருவது குறைந்துவிட்டது. ராமநாதபுரத்துக்காரருக்கு நல்லது. லாட்ஜுக்கு இல்லை. எட்டு வருஷத்தில் அந்தப் பலகையில் இருந்த ஆணிகளில் பாதிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது கோயம்பேட்டில் இருந்தும் பஸ்ஸைக் கிளாம்பாக்கத்துக்குத் தூக்கிவிட்டார்கள். கோயம்பேட்டில் லாட்ஜ் கட்டிவைத்தவர்கள் என்ன சொல்கிறார்களோ.

20 ஜனவரி

‘பிராட்வே பக்கத்துச் சுவர் ஈரம்’ பற்றி நான் போன வாரம் இன்னொரு இடத்தில் எழுதியதை ஒருவர் இங்கே இழுத்துவந்து, அந்த ஈரத்துக்குக் காரணம் பழைய ஓடை என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். திருத்திக்கொள்கிறேன். ஓடை இருந்தது, அத்தாப்பள்ளம் என்று பெயர். ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அதைத் தூர்த்துச் சாலை போட்டார், அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. ஆனால் நம் சந்துக்கும் அதற்கும் நடுவில் அரண்மனைக்காரத் தெரு கிடக்கிறது. அவ்வளவு தூரத்து ஓடை இந்தச் சுவரை நனைத்திருக்க வழியில்லை.

(அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எங்கே என்று கேட்காதீர்கள். அர்மீனியர் தெரு. 1772ல் கட்டிய அவர்கள் மாதாகோயில் இன்றும் இருக்கிறது. ‘அர்மேனியன்’ நம் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் ஆகிவிட்டது.)

11 பிப்ரவரி, இரவு, நேரில் பார்த்துவிட்டு

எத்தனை நாள் ஞாபகத்தை வைத்தே பேசுவது? காசு கட்டி ஒரு ராத்திரி தங்கினேன். மனைவி சிரித்தாள்: வண்ணாரப்பேட்டையில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு மண்ணடியில் ரூம் போட்ட ஒரே ஆள் நீங்கள்தான் என்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்கூடத்தில் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, கூரைத் தேக்குக் கட்டைகளை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். முற்றத்தை மூடியிருந்த தகரத்தைப் பிரித்துவிட்டார்கள், வானம் தெரிகிறது. கிழக்கு மாடி ஜன்னலின் சட்டக் கதவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பட்டையைத் தூக்கினால் சாயங்காலக் காற்று வருகிறது. துறைமுகம் வருவதற்கு முன்னால் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கமே அலை அடித்த ஊர் இது. கப்பல்கள் தூரத்தில் நிற்க, மசூலாப் படகில்தான் சரக்கும் ஆளும் கரைக்கு வந்தார்கள். 1875ல் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்து, 1881 புயல் அதை உடைத்துப்போட்டு, மறுபடி கட்டி, சுவரை ஒட்டி மணல் சேர்ந்து, கடல் தள்ளிப்போனது. ஜன்னல் மட்டும் இன்னும் கடலைப் பார்த்தே நிற்கிறது. இப்போது அதில் தெரிவது எதிர்வீட்டு வாட்டர் டேங்க்.

கைப்பிடிச் சுவரில் ஒரு அரசங்கன்று துளிர்விட்டிருந்தது. செம்பு நிறத்தில் நாலு இலை. பார்க்க அழகாக இருந்ததால் போட்டோ எடுத்தேன்.

மேனேஜர் பையன் மரியாதையானவன். “அங்கிள், 1750 தப்புன்னா என்ன போடட்டும்?” என்றான். ஒன்றும் போடாதே என்றேன். அது முடியாதாம், பலகைக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார்களாம்.

ராத்திரி பசித்தது. இறங்கி நடந்து கடற்கரை இரண்டாவது வரிசைப் பக்கம் அத்தோ சாப்பிட்டேன். முட்டையை வகுந்து வெங்காயம் திணித்துத் தருவார்களே, அதுவும் இரண்டு. பர்மாவில் இருந்து 1960களில் திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நம் வீட்டுத் தேக்கும் பர்மாவில் இருந்து வந்ததுதான் என்று அத்தோ கடைக்காரரிடம் சொன்னேன். “சூப்பு வேணுமா?” என்றார்.

12 பிப்ரவரி, காலை

நேற்று எழுதத் தயங்கியதை எழுதிவிடுகிறேன். பின்கட்டைப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது.

லாட்ஜாக இருந்தவரை குளியலறை, கக்கூஸ் எல்லாம் கொல்லைப்புறத்தில், தனிக் கட்டடத்தில். பதினான்கு அறைக்கும் பொது. காலையில் வாளியோடு வரிசை நிற்கும், சண்டை நடக்கும். அதற்காகவே இந்த லாட்ஜைத் திட்டாதவர் இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். இப்போது ஒவ்வோர் அறைக்குள்ளும் குளியலறை. மாடியிலும். வெந்நீர், ஷவர், கண்ணாடிக் கதவு எல்லாம் உண்டு.

மரக்கட்டைக் கூரைக்கு எமன் பாரம் அல்ல, ஈரம். கட்டையின் நடுப்பகுதி எப்போதும் காற்றோட்டத்தில் இருக்கும், கெடாது. சுவருக்குள் செருகிய முனைதான் முதலில் இற்றுப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது. மாடிக் குளியலறைக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் போதும், தண்ணீர் சுவர் வழியே இறங்கி அந்த முனையில் போய் நிற்கும். இரும்பு உத்திரத்துக்கும் கதை இதுதான். துரு பிடித்தால் இரும்பு பருக்கும், பருத்தால் உத்திரங்களுக்கு நடுவே இருக்கும் செங்கல் வளைவு வெடிக்கும்.

இன்னொன்று, சுவருக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விடும். சிமெண்ட் பூசினால் வெளியே விட வழி அடைந்துபோகும். உள்ளே கிடக்கிற உப்பு பூத்து, பூச்சையே தள்ளிக்கொண்டு வரும். படிக்கட்டுப் பக்கம் ஏற்கெனவே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அங்கே இருந்த மேஸ்திரியிடம் கேட்டேன். “எங்களுக்குத் தெரியாதா சார்? சுண்ணாம்பு ஊறப்போட பத்து நாள் கேட்டோம். திறப்பு விழாவுக்கு நாலு நாள்தான் இருக்குன்னாங்க” என்றார்.

யோசித்துப் பார்த்தால், இந்த வீட்டை இத்தனை வருஷம் நிற்க வைத்தது அந்த நாற்றம் பிடித்த பொதுக் குளியலறைதான். வீட்டுக்குள் தண்ணீரே வரவில்லை. பெரியப்பாவுக்கு இது தெரிந்திருக்காது. மாடி அறைக்கு வாளி கொண்டுபோக அவர் விட மாட்டார், ஒழுகினால் கீழ் அறை நனையும் என்று.

13 பிப்ரவரி

‘முதலாளித்துவத்தைத் திட்டுகிறாரா, குளியலறையைத் திட்டுகிறாரா’ என்று கேட்டவருக்கு: குளியலறையை. இந்த வயதில் ராத்திரி எழுந்து கொல்லைக்குப் போக என்னாலும் முடியாது. அறைக்குள் குளியலறை வேண்டும்தான். அதைக் கொல்லைப் பக்கம் புதுக் கட்டடமாகச் சுவரை ஒட்டி எழுப்பி, பழைய சுவரில் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கலாம். இடம் இருக்கிறது. இப்போது அங்கே ஜெனரேட்டர் நிற்கிறது.

2 மார்ச்

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இந்த வீடு இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னீர்கள். நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்டவை 467. நம் வீடு அதில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இப்படிப்பட்ட வியாபாரிகள் வீடுகள் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. கோபுரம், குவிமாடம், ஒரு கவர்னர் பெயர், ஏதாவது ஒன்று வேண்டும்.

வீட்டுக்காரர் குடும்பத்துப் பெரியவரிடம் பேசினேன். பழைய பத்திரத்தின் நகலைக் காட்டினார். ஆங்கிலேயர் பெயர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செட்டியார்கள். ‘மெத்தை வீடும் அதன் பின்புறம் ஓட்டு வீடும் கிட்டங்கியும்’ என்று எழுதியிருக்கிறது. மெத்தை என்றால் மாடி. பின்புறம் ஓட்டு வீடு! அப்படியானால் பின்கட்டுக் கூரை உளுத்து இறங்கவே இல்லை. அங்கே முதலில் மாடியே கிடையாது. ஓட்டைப் பிரித்துவிட்டு இரும்பு போட்டுப் புதிதாக மாடி எழுப்பியிருக்கிறார்கள். ஜனவரி 7 காலையில் நான் எழுதியதும் தப்பு. தாத்தாவுக்கு அது பல்செட் இல்லை, இரண்டாம் கல்யாணம்.

3 மார்ச்

முன்கட்டின் வயது என்ன என்று விடாமல் கேட்கிறவருக்கு: இரும்புக்கு முந்தியது. அதற்கு மேல் என் வாயைக் கிளறாதீர்கள், ஏற்கெனவே இரண்டு முறை மூக்குடைந்தாயிற்று.

1 டிசம்பர் 2024

ஒன்பது மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்றுப் புயல் மழை. மேனேஜர் பையன் காலையில் போன் செய்தான். “அங்கிள், ஒழுகுது.” எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம், ஒப்புக்கொள்கிறேன். பின்கட்டு மாடிக் குளியலறைதானே என்றேன். பின்கட்டு சொட்டுக்கூட இறங்கவில்லையாம். ஒழுகுவது முன்கூடம், அந்த நூறு வருஷத்து மெட்ராஸ் டெரஸ், பெரியப்பா மேஜை இருந்த இடத்துக்கு நேர் மேலே. வாளி வைத்திருக்கிறார்கள்.

மாடியில் எந்த இடம் என்று போட்டோ அனுப்பச் சொன்னேன். கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு பிளவு. பிப்ரவரியில் நாலு இலையோடு நின்ற அரசங்கன்று இப்போது என் இடுப்பு உயரம். அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவன் நான். சைட்டில் எத்தனை பையன்களை இதற்காகத் திட்டியிருப்பேன்.

பிடுங்காதே, ஒடிந்தால் வேர் தளத்துக்குள் தங்கி மறுபடி கிளம்பும், கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், சுவரைத் திறந்து வேரோடு எடுத்துவிட்டு, சுண்ணாம்பு வைத்தே மூடலாம் என்று சொன்னேன்.

காலையிலேயே பிடுங்கிவிட்டார்களாம்.